எங்கள் சர்வரில் பேசட்டும்

ஜனவரி 7, செவ்வாய்

சூப்பர் மார்க்கெட்டில் இன்றும் தகராறு. துவரம்பருப்பும் துணி சோப்பும் வாங்கப் போனால், பில் போடும் பெண் முதலில் போன் நம்பர் கேட்கிறாள். கொடுக்க முடியாது என்றேன்.

"நம்பர் போட்டாத்தான் பில் வருங்க சார்."

"பருப்புக்கு எதுக்கும்மா நம்பர்?"

பின்னால் வரிசை முணுமுணுத்தது. என் மனைவி சுகந்தி என்னைத் தாண்டிக் கையை நீட்டித் தன் நம்பரைச் சொல்லி, பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். ஸ்கூட்டரில் ஏறியதும், "உங்க கொள்கைய வரிசைல நிக்கறவங்க தலைல கட்டாதீங்க" என்றாள். பள்ளிக்கூடத்தில் நாளெல்லாம் கத்திவிட்டு வந்தவள்.

கொள்கை என்று எதுவும் இல்லை. மில்லில் இத்தனை வருடமாகக் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறேன். யார் எதைத் தேடுகிறார்கள், எந்தத் தகவல் எங்கே போகிறது என்பதெல்லாம் என் கண்முன்னால் ஓடுகிறது. பார்த்தவன் பயப்படுவான். இந்த நோட்டுக்கூட அதனால்தான் காகிதத்தில் இருக்கிறது.

ஜனவரி 12, ஞாயிறு

மகள் மிருவுக்காக வீட்டு சர்வரை இன்று தயார் செய்தேன். மிருதுளாவும் அவள் கல்லூரித் தோழிகள் நான்கு பேரும் சேர்ந்து துப்பாக்கிச் சண்டை விளையாட்டு ஒன்று விளையாடுகிறார்கள். ஐந்து பேர் ஒரு அணி. விளையாடும்போது ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு ஊரே பயன்படுத்தும் செயலி ஒன்று உண்டு. போன் நம்பரைக் கேட்கும், பேசுவதையும் எழுதுவதையும் தன்னிடம் சேர்த்து வைத்துக்கொள்ளும். என் வீட்டில் அது வேண்டாம் என்றேன்.

"அப்ப நாங்க எப்புடிப்பா பேசறது?"

"நான் செஞ்சு தர்றேன்."

மில்லில் கழித்துப் போட்ட கம்ப்யூட்டர் ஒன்றில் வீட்டுக் கோப்புகளை எல்லாம் முன்பே வைத்திருக்கிறேன். அதிலேயே பேசுவதற்கான இலவச மென்பொருளை ஏற்றி, ஹாலில் டிவி மேசைக்கு அடியில் வைத்துவிட்டேன். இனி அவர்கள் பேசுவது எங்கள் வீட்டைத் தாண்டி யாரிடமும் தங்காது.

விளையாட்டு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. ஏமாற்றுகிறவர்களைப் பிடிக்க என்று அதனுடன் ஒரு காவல் நிரல் வருகிறது. கம்ப்யூட்டரின் அடிவயிறு வரை போய் உட்கார்ந்துகொள்கிறது. விளையாடாதபோதும் விழித்திருக்கிறது. அது இல்லாமல் விளையாட்டே திறக்காது. ஆகவே விளையாட்டுக்கென்று தனி கம்ப்யூட்டர், அதில் வேறு எதுவும் கிடையாது.

அணித் தலைவி ரெனிட்டா மாலையில் வந்தாள். நாகர்கோவில் பெண், ஹாஸ்டலில் இருக்கிறாள். மிருவின் தோழிகளில் வீட்டுக்கு வந்து போகிறவள் அவள் ஒருத்திதான். சர்வரைக் குனிந்து பார்த்துவிட்டு, "சத்தம் நல்லா தெளிவா கேக்குது அங்கிள், அந்த ஆப்ப விட சூப்பர்" என்றாள். சுகந்தி சுட்ட கம்பு தோசையை நாலு சாப்பிட்டாள்.

ஜனவரி 20, திங்கள்

மாநிலப் போட்டிக்குப் பதிவு. ஒவ்வொருவரும் படம், கல்லூரி அடையாள அட்டை, முகவரிச் சான்று, போன் நம்பர் எல்லாம் தர வேண்டுமாம். முகவரியை மறைத்துத் தருகிறேன் என்று அமைப்பாளர்களுக்கு எழுதினேன். மறைத்தால் பதிவு ரத்து என்று பதில் வந்தது. மிரு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். சரி என்றேன்.

ஆனால் வாட்ஸாப்பிலோ மெயிலிலோ அனுப்பக் கூடாது. வீட்டில் ஸ்கேன் செய்து, சர்வரில் வைத்து, பென் டிரைவில் போட்டு ரெனிட்டாவின் கையில் கொடுத்தோம். அவள் அதை நேராக அமைப்பாளர்களின் தளத்தில் ஏற்றுவாள். நடுவில் யாரும் இல்லை.

மதியம் மிரு மில்லுக்கு போன் செய்தாள். முகவரிப் பக்கம் மங்கலாக இருக்கிறதாம், மூன்று மணிக்குள் வேறு வேண்டுமாம். வீட்டில் யாரும் இல்லை. மில்லிலிருந்தே எடுப்பதற்காக சர்வரில் அந்த ஃபோல்டருக்கு வெளியிலிருந்து ஒரு வழி திறந்தேன். தெளிவாக்கி, பென் டிரைவில் கொண்டுபோய் ரெனிட்டாவிடம் சேர்த்தாகிவிட்டது. வீட்டுக்குப் போய் மூட வேண்டும்.

ஜனவரி 21, செவ்வாய்

நேற்று மாலை தண்ணீர் மோட்டார் புகைந்துவிட்டது. இன்று முழுக்க அந்த வேலை.

பிப்ரவரி 2, ஞாயிறு

ஜெயித்துவிட்டார்கள்!

இறுதிச் சுற்றில் எதிரணி திருச்சிப் பையன்கள். நடுவரும் இரண்டு அணிகளும் சேர்ந்து பேச ஒரு பொது அறை வேண்டும். வழக்கமான செயலியிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று ரெனிட்டா சொன்னாள். நான்தான் விடவில்லை. "எதுக்கும்மா? எங்க சர்வர்ல பேசட்டும். சர்வர் முகவரிய எல்லாத்துக்கும் அனுப்பு" என்றேன். எல்லோரும் எங்கள் வீட்டு டிவி மேசைக்கு அடியில் கூடிப் பேசினார்கள் என்று நினைத்தால் பெருமையாகத்தான் இருந்தது.

மிருவின் விளையாட்டுப் பெயர் குருவி. குருவி, சுறா என்ற பெயர்களை வைத்து எதிரில் இருப்பது ஆணா பெண்ணா என்று யாருக்கும் தெரியாது. ஆட்டம் முடிந்து இவர்கள் ஐந்து பேரும் ஓவென்று கத்தியபோதுதான் அந்தப் பக்கம் சத்தம் அடங்கியது. பிறகு ஒருவன், "பொம்பளைங்களா? அப்ப கண்டிப்பா யாரோ உள்ள உக்காந்து ஆடிக் குடுத்திருக்கான்" என்றான். நடுவர் அவனை வெளியேற்றினார். மிரு சிரித்துக்கொண்டே ஹெட்போனைக் கழற்றி வைத்தாள்.

சுகந்தி பால் பாயசம் வைத்தாள். பல நாளைக்குப் பிறகு மூவரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம்.

பிப்ரவரி 5, புதன்

மிருவின் போனுக்குத் தெரியாத நம்பர்களிலிருந்து அழைப்புகள். எடுத்தால் சிரிக்கிறார்கள், அல்லது "குருவி" என்று கூப்பிட்டு அசிங்கமாகப் பேசுகிறார்கள். இந்த நம்பர் வீட்டுக்கும் கல்லூரிக்கும் தவிர யாருக்கும் தெரியாது. போட்டிக்குத் தவிர.

மாலையில் ரெனிட்டா மிருவுக்கு ஒரு படம் அனுப்பினாள். விளையாட்டுக்காரர்கள் கூடும் ஒரு பெரிய குழுவில் யாரோ போட்டிருக்கிறார்கள். மிருவின் படம், முழுப் பெயர், கல்லூரி, போன் நம்பர், எங்கள் தெரு, கதவு எண், என் பெயர். கீழே, "குருவிக் கூடு. போய்ப் பாருங்க."

படத்தில் இருப்பது நீலப் பின்னணி வைத்த பாஸ்போர்ட் படம். பதிவுக்காகவே எடுத்தது. வேறு எங்கும் கொடுக்கவில்லை.

பிப்ரவரி 8, சனி

காலையிலிருந்து டெலிவரிப் பையன்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். பிரியாணி, பீட்சா, கேக். எல்லாம் மிருவின் பெயரில், வாசலில் பணம் வாங்கிக்கொள்ளச் சொல்லி. முதல் ஆளிடம் விளக்கினேன். நாலாவது ஆளிடம் கத்திவிட்டேன். அவன் என்ன செய்வான், வெயிலில் வந்தவன். மதியம் ஆம்புலன்ஸ் வந்தது. சைரனோடு.

எதிர்வீட்டில் எல்லோரும் பால்கனியில் நின்றார்கள்.

பிப்ரவரி 14, வெள்ளி

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

மிரு கல்லூரிப் பேருந்திலிருந்து எங்கள் தெருமுனையில் இறங்குவாள். அங்கே பேக்கரிச் சுவரிலும் டிரான்ஸ்பார்மரிலும் போஸ்டர் ஒட்டியிருந்தது. கண்ணீர் அஞ்சலி. நடுவில் அந்த நீலப் படம். செல்வி ஞா. மிருதுளா. பிறந்த தேதி சரியாக இருந்தது. மறைந்த தேதி என்று இன்றைய தேதி. இப்படிக்கு, துயரில் வாடும் நண்பர்கள்.

பேக்கரிக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மிரு அதன் முன்னால் வெகுநேரம் நின்று படித்துக்கொண்டிருந்தாளாம். அவர் ஓடிவந்து கிழித்தபோது, "விடுங்கண்ணா, அந்தப் பக்கம் இன்னொண்ணு இருக்கு" என்றாளாம்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றி அடுக்கி வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்தாள். சாப்பிடவில்லை. சுகந்தி அவள் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கிறாள். நான் மிச்ச போஸ்டர்களை ஈரத்துணி வைத்துச் சுரண்டினேன். பசை காய்ந்திருந்தது. முகம் மட்டும் வரவில்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

அந்தப் போஸ்டரைப் படம் பிடித்துச் சொந்தக்காரர்களுக்கும் அனுப்பியிருக்கிறார்கள். சொந்தத்தில் யாரோ ஒருவரின் பெயரைப் பிடித்தால் மற்றவர்களை எல்லாம் முகநூலில் பிடித்துவிடலாம். நாங்கள் அதில் இல்லாததால், பொய் என்று உடனே பார்த்துத் தெரிந்துகொள்ளவும் யாருக்கும் வழி இல்லை. அழைத்தால் எங்கள் மூவரின் போனும் அணைந்திருக்கிறது. தொல்லை தாங்காமல் நாங்களே அணைத்து வைத்தது.

பொள்ளாச்சியிலிருந்து சுகந்தியின் அண்ணன் ரங்கராஜ் வந்துவிட்டார். வாசலில் அழுகைச் சத்தம் கேட்டு நான் எழுவதற்குள் மிரு போய்க் கதவைத் திறந்துவிட்டாள். மாமா கையில் மாலை. பின்னால் அத்தை தலைவிரி கோலமாக.

மாமா மெதுவாகப் படியில் உட்கார்ந்தார். மாலை கையிலிருந்து நழுவியது.

"மாமா, நான் நல்லாத்தான் இருக்கறேன்" என்றாள் மிரு.

அத்தை அவளைக் கட்டிக்கொண்டு, முகத்தை, கையை, தோளையெல்லாம் தடவித் தடவிப் பார்த்தார். "எந்தப் படுபாவிடா இப்புடிப் பண்ணுனான்? எஞ்சாமி... எஞ்சாமி..."

மாமா என்னிடம்தான் திரும்பினார். "மாப்ள, நீங்கதான் கம்ப்யூட்டர்ல பெரிய ஆளாச்சே. ஊட்டுக்குள்ள ஒரு போட்டோக்கூட எடுக்க விட மாட்டீங்க. அப்புறம் எப்புடிங்க வெளிய போச்சு?"

அதைத்தான் நானும் பார்க்க வேண்டும்.

பிப்ரவரி 17, திங்கள்

லீவு போட்டுவிட்டு சர்வரைச் சரிபார்த்தேன். பெரிதாக ஒன்றுமில்லை.

ஒரு வழி மட்டும் திறந்திருந்தது. ஜனவரியில் திறந்தது. பாஸ்வேர்டு கேட்காத வழி. சர்வரின் முகவரி தெரிந்தவன் எவனும் அதன் வழியே அந்த ஃபோல்டரைப் பார்க்கலாம். இறுதிப் போட்டிக்கு மறுநாள் யாரோ திருச்சிப் பக்கமிருந்து வந்து, ஒவ்வொரு கோப்பாக எடுத்திருக்கிறார்கள். சர்வர் எழுதிவைக்கும் பதிவில் அப்படித்தான் இருக்கிறது. பதிவுகளை வைத்து எதையும் அடித்துச் சொல்லிவிட முடியாது. அமைப்பாளர்களிடமிருந்தும் போயிருக்கலாம். பென் டிரைவிலிருந்தும் போயிருக்கலாம்.

வழியை மூடிவிட்டேன்.

மிரு அறையிலிருந்து வந்து கேட்டாள். "என்னப்பா, சர்வர் பாத்தீங்களா?"

"பாத்தேன். சுத்தமா இருக்கு."

"அப்ப ரெனிதான்" என்றாள். நின்றபடியே சொன்னாள். "அவகிட்ட மட்டுந்தான் இருந்துச்சு."

"அவசரப்படாத கண்ணு" என்றேன். அதைச் சொன்னேன் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

பிப்ரவரி 19, புதன்

சைபர் கிரைம் ஸ்டேஷன். எஸ்.ஐ. கலாவதி என்ற அம்மாள் விசாரித்தார். பொறுமையானவர். மிருவை எதிரில் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார். நான் மிருவுக்குப் பக்கத்து நாற்காலியில்.

"உனக்கு யார் மேலயாவது சந்தேகம் இருக்காம்மா?"

மிரு குனிந்துகொண்டாள். பிறகு பெயரைச் சொன்னாள். ஊர், ஹாஸ்டல், அறை எண்.

"ஏன் அவங்க மேல?"

"படம் அவகிட்ட மட்டுந்தான் இருந்துச்சு மேடம். வீட்டு அட்ரஸும் அவளுக்குத்தான் தெரியும். எங்க வீட்டுக்கு வந்து சாப்புட்டுப் போவா."

எஸ்.ஐ. என்னைப் பார்த்தார். "உங்க வீட்ல ஏதோ சர்வர் இருக்காமே சார். அதையும் கொண்டுவந்து குடுங்க. நாங்க ஒரு காப்பி எடுத்துட்டுத் தந்துர்றோம்."

அதில் எங்கள் குடும்பத்தின் எல்லாம் இருக்கிறது, வங்கிக் கணக்கு, மருத்துவச் சீட்டு, படங்கள், நீதிமன்ற உத்தரவு இல்லாமல் தர மாட்டேன் என்றேன். அது என் உரிமை. இதை நான் பத்து வருடமாக எல்லோரிடமும் சொல்லிவருகிறேன், புதிதாகச் சொல்லவில்லை.

வெளியே வந்ததும் சுகந்தி கேட்டாள். "எதுக்குங்க அப்புடிப் பதறுனீங்க? குரலே மாறிப்போச்சு."

"பதறல."

பிப்ரவரி 20, வியாழன்

சர்வரில் இருந்த டிஸ்க் பழையது. மாற்ற வேண்டும் என்று தீபாவளியிலிருந்தே நினைத்துக்கொண்டிருந்தேன். இன்று புதிது வாங்கி மாட்டினேன். பழையதை முழுதாக அழித்து, மில் பட்டறையில் துளை போட்டு, கழிவில் சேர்த்துவிட்டேன். பழைய டிஸ்க்கை இப்படித்தான் அப்புறப்படுத்த வேண்டும்.

பிப்ரவரி 25, செவ்வாய்

ரெனிட்டா மில் நம்பருக்கே கூப்பிட்டாள். போலீஸ் ஹாஸ்டலுக்குப் போய் அவள் போனையும் லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டுவிட்டார்களாம். வார்டனின் போனிலிருந்து பேசினாள்.

"அங்கிள், நான் செய்யல்ல. சத்தியமா நான் செய்யல்ல. மிரு போனே எடுக்க மாட்டேங்கா. காலேஜ் குரூப்புல என்னைய துரோகின்னு போட்டிருக்கா. எல்லாரும் என்னைய ஒரு மாதிரி பாக்காவ."

நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அந்த பென் டிரைவ அன்னைக்கே அழிச்சிட்டேன் அங்கிள். நீங்க சொன்ன மாதிரிதான் செஞ்சேன். உங்களுக்கு இதெல்லாம் தெரியும்லா? நீங்க பாத்தா கண்டுபிடிச்சிரலாம்லா?"

"விசாரணைல எல்லாம் தெரிஞ்சிரும்மா. தைரியமா இரு" என்றேன்.

"நீங்க என்னைய நம்புதீங்களா அங்கிள்?"

"நம்பறேன்மா."

"மிருட்ட சொல்லுங்க அங்கிள். நீங்க சொன்னா கேப்பா."

சரி என்றேன். மாதாந்திர ரிப்போர்ட், ஆண்டிவைரஸ் புதுப்பிப்பு, ஆடிட்டர் வந்தது, இவற்றால் இன்று வேறு எதற்கும் நேரமில்லை.

மார்ச் 1, சனி

ரெனிட்டாவின் அப்பா நாகர்கோவிலிலிருந்து வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். கட்டில், பெட்டி, எல்லாம் எடுத்தாகிவிட்டதாம். செமஸ்டர் பரீட்சை எழுத மாட்டாள்.

மிரு இதைச் சாப்பாட்டு மேசையில் சொன்னாள். "நல்லதாப் போச்சு" என்றாள். பிறகு தட்டில் இருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

மார்ச் 9, ஞாயிறு

மிரு முடியை வெட்டிக்கொண்டு வந்திருக்கிறாள், காதுவரை. படத்தில் இருப்பவளைப் போல இருக்கக் கூடாதாம். பேருந்திலிருந்து ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி வேறு தெரு வழியாக நடந்து வருகிறாள். தெருவில் பைக் நின்றால் ஜன்னலை மூடுகிறாள்.

மாலையில் துணி மடித்துக்கொண்டிருந்தவளின் பக்கத்தில் உட்கார்ந்தேன். இன்று சொல்லிவிடலாம் என்று இருந்தேன்.

"மிரு, ரெனிட்டா விஷயம்..."

"அவ பேர எடுக்காதீங்கப்பா." துணியை வைத்துவிட்டாள். "எனக்கு இப்ப யாரையும் நம்ப முடியல. உங்களையும் அம்மாவையும் தவிர யாருமே வேண்டாம்னு இருக்குது. தயவுசெஞ்சு அவளப் பத்திப் பேசாதீங்க."

அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது? அவளுக்கு மிச்சம் இருப்பது நாங்கள் இரண்டு பேர். அதில் ஒருவரை எடுத்துவிடுவது அவளுக்கு நல்லதா? கொஞ்சம் தேறட்டும். பரீட்சை முடியட்டும்.

இப்படி எழுதிப் பார்த்தால் நியாயமாகத்தான் இருக்கிறது.

மார்ச் 18, செவ்வாய்

எஸ்.ஐ. கூப்பிட்டார். மிருவையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார். சுகந்தி பள்ளியில் இருந்தாள். நாங்கள் இருவரும் போனோம்.

ஆளைப் பிடித்துவிட்டார்கள். திருச்சி அணிப் பையன்களில் ஒருவன். போஸ்டரை அச்சடித்த கடையை வைத்துப் பிடித்திருக்கிறார்கள். மிரு கண்ணை மூடிக்கொண்டாள்.

"ரெனிட்டாதான் குடுத்தாளா மேடம்?"

எஸ்.ஐ. பேனாவை மூடி வைத்தார். "இல்லம்மா. அந்தப் பொண்ணுக்கும் அவனுக்கும் ஒரு தொடர்பும் இல்ல. போன், லேப்டாப் எல்லாம் பாத்தாச்சு. அவன் எங்கயும் உடைச்சு உள்ள போகல. ஃபைனல் அன்னைக்கு எல்லாரும் பேசுனீங்கள்ல, அந்த சர்வர். அதுல ஒரு வழி பூட்டே இல்லாம தொறந்து கெடந்துச்சுங்கறான். அவன் லேப்டாப்புல அந்த ஃபோல்டர் அப்படியே இருக்கு. உங்க வீட்டு நெட் கனெக்‌ஷன்தான்."

பிறகு என்னிடம், "சார், அந்தச் சர்வர் டிஸ்க் இப்ப எங்க இருக்கு?"

கெட்டுப்போனதால் மாற்றிவிட்டேன் என்றேன்.

"என்னைக்கு மாத்துனீங்க?"

சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். "புகார் குடுத்த மறுநாள்" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே எழுதினார். "கேஸ்ல சாட்சியத்த அழிச்சா அதுவே தனிக் குற்றம் சார். உங்களுக்குத் தெரியாம இருக்காது. நான் மேல கேட்டுட்டுச் சொல்றேன்."

மிரு என்னைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தவள் என் தோளைப் பிடிக்கவில்லை. இருக்கைக்குப் பின்னால் இருக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். லட்சுமி மில் சிக்னலில் வண்டி நின்றபோது கேட்டாள்.

"உங்களுக்கு எப்பப்பா தெரியும்?"

இன்றைக்குத்தான் என்று சொல்லியிருக்கலாம். வாயில் வந்துவிட்டது. ஏனோ சொல்லவில்லை.

"மாமா வந்துட்டுப் போன மறுநாள்."

சிக்னல் விழுந்தது. பின்னால் ஹார்ன் அடித்தார்கள். வண்டியை எடுத்தேன். வீடு வந்தது. இறங்கி, கேட்டில் கையை வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"அப்ப, நான் ஸ்டேஷன்ல ரெனி பேரச் சொன்னப்ப, நீங்க என் பக்கத்துலதான் உக்காந்திருந்தீங்க."

மார்ச் 19, புதன்

சுகந்தி நேற்றிலிருந்து பேசவில்லை. காலையில் மட்டும், "அந்தப் புள்ளைக்கு நான் தோச சுட்டுப் போட்டிருக்கறேன்" என்றாள். எனக்குத்தான் சொன்னாளா என்று தெரியவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

தாயும் மகளும் நாகர்கோவில் போய்விட்டு இன்று மதியம் திரும்பினார்கள். நானும் வருகிறேன் என்றதற்கு மிரு வேண்டாம் என்றாள்.

நடந்ததை சுகந்திதான் சொன்னாள். ரெனிட்டாவின் அப்பா இவர்களை உள்ளே கூப்பிடவில்லை. கேட்டுக்கு வெளியேயே நிற்கவைத்தார். "எம் பிள்ளைய களவாணி மாதிரி ஸ்டேஷன்ல இருத்தி வச்சாவம்மா" என்றாராம். கொஞ்சநேரம் கழித்து ரெனிட்டாவே வெளியே வந்திருக்கிறாள். மெலிந்து போயிருக்கிறாளாம். மிரு அழுதிருக்கிறாள். ரெனிட்டா அழவில்லை.

"எனக்கு மன்னிப்பெல்லாம் வேண்டாம் மிரு" என்றிருக்கிறாள். "நான் அங்க திரும்பி வரப்போறதில்ல. அப்பா இங்கயே ஒரு காலேஜுல சேத்துவிடுதாங்க. ஆனா அங்க குரூப்புல, ஹாஸ்டல்ல, கேம் ஆடுதவங்க கிட்ட எல்லாம் எம் பேரு அப்படியே கெடக்கு. இங்க சேரப் போனாலும் தேடிப் பாத்துட்டுக் கேக்காவ. அது நான் இல்லன்னு சொல்லணும். உங்கப்பா சொல்லணும். எழுதியெல்லாம் போடாண்டாம். மூஞ்சியக் காட்டி, பேரச் சொல்லிச் சொல்லணும்."

மிரு என் எதிரில் உட்கார்ந்து, நான் என்ன சொல்லப் போகிறேன் என்று காத்திருந்தாள்.

கல்லூரி முதல்வருக்கு நான் முறையாக ஒரு கடிதம் தரலாம், காவல்துறையிடமிருந்தே அவள் குற்றமற்றவள் என்று ஒரு சான்று வாங்கலாம், அது இன்னும் வலுவாக இருக்கும் என்றேன். வீடியோ என்றால் ஒருமுறை வெளியே போனது போனதுதான், திரும்ப எடுக்கவே முடியாது என்றும் சொன்னேன். மில் முதலாளி பார்ப்பார். நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ளும் ஆளே வீட்டு சர்வரைத் திறந்து போட்டுவிட்டு, டிஸ்க்கையும் அழித்தான் என்றால் என்னை வைத்திருப்பாரா? கேஸ் வேறு இருக்கிறது. வக்கீலைக் கேட்காமல் வாயைத் திறக்கக் கூடாது.

நான் சொன்ன எல்லாமே உண்மை.

சுகந்தி எழுந்து சமையலறைக்குப் போகும்போது நின்றாள். "மிரு மூஞ்சிய செவுத்துல ஒட்டுனப்ப அவ என்னங்க பண்ணுனா? வக்கீலக் கேட்டாளா?"

மார்ச் 27, வியாழன்

வக்கீல் கூடவே கூடாது என்றார்.

மார்ச் 30, ஞாயிறு

காலையில் காய்கறி வாங்கிவந்து கொடுத்துவிட்டு, மிருவின் அறை வாசலில் நின்றேன்.

"உன் போன்ல எடுக்கலாமா?" என்றேன். எனக்கு அந்த மாதிரி போன் இல்லை.

அவள் உடனே எழவில்லை. கட்டிலில் இருந்தபடியே, "வக்கீல் வேண்டாம்னு சொன்னாரே" என்றாள்.

"ஆமா."

"மில்லுல?"

"தெரியல கண்ணு."

கண்ணு என்றதற்கு அவள் முகம் சுருங்கியது. போனை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தாள். நான் டிவிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். "தவிர்க்க முடியாத ஒரு தொழில்நுட்பப் பிழையின் காரணமாக" என்று அது தொடங்கியது. மிரு அதை வாங்கிப் படித்துவிட்டு மடித்துத் தன்னிடமே வைத்துக்கொண்டாள்.

"நடந்தத மட்டும் சொல்லுங்க. என்னைக்குத் தொறந்தீங்க, என்னைக்குத் தெரிஞ்சுது, தெரிஞ்சப்புறம் என்ன பண்ணுனீங்க. ரெனி போன் பண்ணுனதச் சொல்லுங்க."

ரெனிட்டா எனக்கு போன் செய்தது இவளுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. நாகர்கோவிலில் சொல்லியிருக்க வேண்டும்.

சுகந்தி சமையலறை வாசலில், ஈரக் கையோடு நின்றாள். மிரு போனைத் தூக்கிப் பிடித்தாள். பேசத் தொடங்கினேன். இரண்டு வாக்கியம் சொல்லியிருப்பேன், அவள் நிறுத்தினாள்.

"மூஞ்சி இருட்டா இருக்கு. ஜன்னல் பக்கம் வாங்க."

கொஞ்ச நாளாக மூடியே கிடந்த ஜன்னல். அவளே போய்த் திறந்தாள். தெரு தெரிந்தது, பேக்கரி தெரிந்தது. நாற்காலியை நகர்த்திப் போட்டு உட்கார்ந்தேன். வெயில் கண்ணில் அடித்தது. அவள் முகம் எனக்குச் சரியாகத் தெரியவில்லை, போனைப் பிடித்திருந்த கை மட்டும் தெரிந்தது.

"மொதல்ல இருந்து" என்றாள். "பேரச் சொல்லி ஆரம்பிங்க."